உருகாத பசை

"இதை முகர்ந்து பாரு தம்பி" என்று அண்ணி ஒரு கருப்புக் கட்டியை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

மதியம் ஒரு மணி. என் வயிறு எதை வேண்டுமானாலும் முகரத் தயாராக இருந்தது, இதைத் தவிர.

"அண்ணி, நான் உங்க கொழுந்தன். மோப்ப நாய் இல்லை."

"மோப்ப நாய் எதிர்த்துப் பேசாது. முகர்ந்து பாரு."

முகர்ந்தேன். "கருகின வாடை. எரிஞ்ச பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக் உருகி ஓடிடுச்சு. அதோ, பலகை மேல கோடு கோடா ஒழுகியிருக்கு பாரு. இது உருகலை. இது ரெண்டு டியூப் பசை. எபாக்ஸி. ஒரு தடவை இறுகிட்டா அப்புறம் கருகுமே தவிர உருகாது."

அண்ணியைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தீ விபத்து சர்வேயர். எங்கே எது எரிந்தாலும், தீயணைப்பு வண்டி திரும்பிப் போன பிறகு அண்ணி உள்ளே போவார். எப்படிப் பிடித்தது, யாரால் பிடித்தது என்று கண்டுபிடிக்காமல் வெளியே வரமாட்டார். நான் உதிரிபாகக் கிடங்கில் வேலை போய் எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன். "இந்த மனுஷனை நீங்களே வச்சுக்குங்க அக்கா, என்னால முடியலை" என்று என் மனைவி என்னை அண்ணியிடம் தாரை வார்த்துவிட்டாள். அன்றிலிருந்து பை தூக்குகிறேன், டேப் பிடிக்கிறேன். வாய் மட்டும் என் சொந்தச் சரக்கு.

நாங்கள் நின்றிருந்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தின் டிரையர் அறை. ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் இங்கேதான் வரும். வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மூன்று இயந்திரங்கள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நின்றன. நடுவில் இருந்த இரண்டாம் நம்பர் மட்டும் உள்ளேயும் வெளியேயும் கரி. திங்கட்கிழமை மதியம் இரண்டரைக்கு அதற்குள் ஆஸ்பத்திரி ஃபோம் தலையணைகள் பற்றிக்கொண்டன. புகையைப் பார்த்து ஓடி வந்த முதலாளி, யார் சொல்லியும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்த நெருப்பு அவர் முகத்தில் பாய்ந்தது. இன்று வியாழன். மனிதர் இன்னும் கண் திறக்கவில்லை.

அண்ணி கையில் இருந்த கட்டி, அந்த இயந்திரத்தின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் குமிழின், நாப் என்பார்களே அதன், மிச்சம். வெளியே இருந்த பிளாஸ்டிக் போய்விட்டது. உள்ளே யாரோ ரிப்பேருக்காக அடைத்த பசையும், அதைச் சுற்றிய கம்பியும் தங்கியிருந்தன. கட்டியின் நடுவில் அரைவட்ட ஓட்டை.

"மேடம், இதுல மண்டையை உடைச்சுக்க ஒண்ணுமே இல்லை" என்றார் வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர். "நாப் மாட்டுற தண்டு 'அதிகம்'ல நிக்குது. தீயணைப்புக்காரங்க ஃபோட்டோவே எடுத்திருக்காங்க. ஃபோமை அதிகச் சூட்டுல போட்டா பத்திக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போட்டது டிரையர் ஓட்டுற அந்த அம்மா. அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல வாக்குமூலம், கையெழுத்து. முதலாளி பிழைக்கலைன்னா கேஸே வேற மாதிரி போயிடும்."

"அவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "அதான் கொஞ்சம் விசித்திரம். 'குறைவுலதான் வச்சதா ஞாபகம் சார், ஆனா என் ஞாபகத்தை நம்பாதீங்க'ங்கிறாங்க."

அண்ணி கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டார். "இருபது வருஷத்துல என்னை நம்புங்கன்னு சொன்னவங்களைத்தான் பார்த்திருக்கேன். வா தம்பி."

"சாப்பாடு?"

"அஞ்சு மணிக்கு அப்புறம்."

*

அந்த அம்மாவை எல்லோரும் பஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டிரையரில் உதிரும் பஞ்சு எப்போதும் தலைமுடியில் ஒட்டியிருக்குமாம். இப்போதும் இருந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்கும். இஸ்திரிக் கூடத்து மூலையில், மடித்த போர்வைக் கட்டின் மேல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரர், தண்ணீர் பாட்டிலோடு. நல்ல கட்டுமஸ்தான ஆள். அவர் மேல் லேசாக வார்னிஷ் வாடை அடித்தது. விரல் நுனிகளில் நூல் நூலாகப் பழைய வெட்டுக் காயங்கள்.

"திங்கட்கிழமை காலையிலிருந்து என்னென்ன போட்டீங்க, சொல்லுங்க" என்றார் அண்ணி. என் கையில் மேற்பார்வையாளர் மேஜையிலிருந்து எடுத்த ரிஜிஸ்டர் இருந்தது.

பஞ்சக்கா கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணாம் நம்பர்ல ஏழரைக்கு படுக்கை விரிப்பு நாற்பது. அதுல ரெண்டு கிழிஞ்சிருந்தது, தனியா எடுத்து வச்சேன். மூணாம் நம்பர்ல டவல். ஒன்பது மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் பச்சைத்துணி அறுபத்தஞ்சு. அறுபத்தாறுன்னு சீட்டுல இருந்துச்சு, ஒண்ணு குறைஞ்சது. பத்தரைக்கு ஓட்டல் திரைச்சீலை..."

நான் வரிவரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு எண் கூடத் தப்பவில்லை. என் கல்யாண நாளை நான் வருடா வருடம் மறந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"இரண்டாம் நம்பர்?"

"அது ரெண்டு வாரமா ஓடலை மேடம். ஓடலைன்னா... ஓடும், ஆனா நாப் லூசாயிடுச்சு. ஓட்டை தேய்ஞ்சு வட்டமாப் போச்சு. சும்மா சுத்தும், தண்டு திரும்பாது. குறடு வச்சுத் தண்டைத் திருப்புவோம். தண்டுல ஒரு பக்கம் தட்டையா இருக்கும். தட்டை கீழ பார்த்தா குறைவு, மேல பார்த்தா அதிகம். அப்படித்தான் அடையாளம். சனிக்கிழமை கடைசியா குறைவுல விட்டுட்டுப் போனேன். திங்கட்கிழமை மதியம் ஒட்டின நாப்பை மாட்டினேன். சுத்திச் சுத்திப் பார்த்தேன், ஒரே ஒரு இடத்துல கச்சிதமா உட்கார்ந்துச்சு. பார்த்தா..." குரல் உடைந்தது. "பார்த்தா நாப் மேல இருக்கிற வெள்ளைக்கோடு அதிகத்துல நிக்குது. குறைவுல விட்டதாத்தானே ஞாபகம்? சரி, நான்தான் மறந்திருப்பேன்னு குறைவுக்குத் திருப்பினேன். திருப்பினேன்னுதான் ஞாபகம். ஆனா திருப்பலை போல இருக்கு. ரெண்டு தடவையும் என் ஞாபகம் தப்பு மேடம்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"எங்கம்மாவுக்கு அம்பத்திரண்டு வயசுல ஆரம்பிச்சது. முதல்ல பூட்டு, சாவி. அப்புறம் தெரு. கடைசியில நான் சோறு ஊட்டும்போதே என்னைப் பார்த்து நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மான்னு கேட்டாங்க." அவர் என்னைப் பார்த்தார், எதற்கு என்று தெரியவில்லை. "எனக்கு இப்ப அம்பத்தொண்ணு. ஜெயிலுக்குப் போறதுகூடப் பரவாயில்லை சார். அதுக்குள்ள உட்கார்ந்து ஒவ்வொண்ணா மறந்துக்கிட்டே இருக்கணுமே, அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

என் கைவசம் இருந்த ஜோக் எதுவும் அந்த இடத்துக்கு ஆகாது.

வீட்டுக்காரர் மனைவியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "ஆறு மாசமாவே இப்படித்தான் மேடம். அடுப்பை அணைக்காம வந்துடுவா. நான்தான் ஓடிப்போய் அணைப்பேன்."

பஞ்சக்கா திரும்பினார். "அடுப்பையா? நானா?"

"உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது? விடு. வியாதிக்கு யார் என்ன பண்ண முடியும்? போலீஸ்காரங்களும் மனுஷங்கதானே." அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மனைவி கையில் கொடுத்தார். இப்படி ஒரு புருஷனும் உலகத்தில் இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி இதைப் பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்கு எனக்குச் சொல்லிக்காட்டியிருப்பாள்.

"நாப்பை ஒட்டினது யாரு?" என்று கேட்டார் அண்ணி.

பஞ்சக்கா தரையைப் பார்த்தார். "மெக்கானிக்... ஒட்டியிருப்பார்."

வீட்டுக்காரர் எழுந்தார். கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்ததாகவும், ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்கு நேராக வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

*

"மெக்கானிக்தான்" என்றேன் நடந்துகொண்டே. "அந்த அம்மா அவனைச் சொல்லும்போதே தயங்கினாங்க. மிரட்டி வச்சிருக்கான்."

"உனக்குப் பசி வந்தா எல்லாரும் குற்றவாளியாத் தெரிவாங்க."

மெக்கானிக்கின் அறை பாய்லருக்குப் பின்னால் இருந்தது. அவர் ஒல்லி, கோபம் மட்டும் தாராளம். நாங்கள் வாயைத் திறப்பதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். "புது நாப் வாங்கிக் குடுங்கன்னு மூணு சீட்டு எழுதிக் குடுத்தேன். முதலாளி குறடு இருக்கே, அது போதும்னுட்டார். நான் ஒட்டலை. எவன் ஒட்டினான்னும் தெரியாது. திங்கட்கிழமை பார்த்தா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்கே ஆச்சரியம்."

அண்ணி கைக்குட்டையை விரித்தார். "ஒட்டினவன் கெட்டிக்காரனா?"

மெக்கானிக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் மெதுவாக இறங்கியது. வேலை தெரிந்தவனுக்கு நல்ல வேலையைப் பார்த்தால் அப்படித்தான். "கெட்டிக்காரன்தான். உள்ளே அழுக்கைச் சுரண்டிட்டு, பிடிமானத்துக்குக் கீறி விட்டிருக்கான். ரெண்டு டியூப்பையும் சரிசமமாக் கலந்திருக்கான், இல்லைன்னா நடுவுல பிசுபிசுன்னு இருக்கும். தண்டு இங்க மெஷின்ல இருக்கு, அதனால அதே அளவுக்கு ஒரு கம்பியை அராவி, எண்ணெய் தடவி, பசைக்குள்ள சொருகி வச்சிருக்கான். இறுகின பிறகு கம்பியை உருவிட்டா அச்சு அசலா ஓட்டை வந்துடும். கழுத்து திரும்பவும் விரியாம இருக்க மேல கம்பியும் சுத்தியிருக்கான். முழு ராத்திரியும் இறுக விட்டிருக்கணும்." பெருமூச்சு விட்டார். "நானே இவ்வளவு சுத்தமாப் பண்ணியிருக்க மாட்டேன்."

"இதே மாதிரி நல்ல நாப் ஒண்ணு வேணும்."

"ஒண்ணாம் நம்பர்ல இருக்கு. மூணாம் நம்பர்ல இருக்கறதும் ஆட ஆரம்பிச்சிடுச்சு."

அண்ணி ஒன்றாம் நம்பரின் குமிழைப் பிடுங்கி எடுத்து மல்லாத்தினார். நான் எட்டிப் பார்த்தேன். மேலே வெள்ளைக்கோடு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, உட்புறம், தடிப்பாக ஒரு வரப்பு ஓடியது. வேறு எந்தப் பக்கமும் அப்படி இல்லை. அண்ணி பசைக்கட்டியைப் பக்கத்தில் வைத்தார். கட்டியின் விளிம்பிலும் ஒரு பள்ளம் இருந்தது. பசை அந்த வரப்பைச் சுற்றி இறுகியபோது விழுந்த பள்ளம்.

"ஆக, பிளாஸ்டிக் உருகினாலும் வெள்ளைக்கோடு எங்க இருந்துச்சுன்னு கட்டி ஞாபகம் வச்சிருக்கு" என்றார் அண்ணி. "ரெண்டையும் மல்லாத்தி, வரப்பையும் பள்ளத்தையும் மேல பார்க்க வை தம்பி. ஓட்டையோட தட்டைப் பக்கம் எங்க இருக்கு?"

வைத்தேன். ஒன்றாம் நம்பர் குமிழில் தட்டை இடது பக்கம். கட்டியில் வலது பக்கம்.

"அண்ணி... இது நேர் எதிரா இருக்கே!"

"பாதிச் சுற்று. குமிழைச் சுத்தி நாலு இடம் எழுதியிருக்கு. மேல 'காற்று மட்டும்', வலது 'குறைவு', கீழ 'நடுத்தரம்', இடது 'அதிகம்'. இந்த சுவிட்சுக்குத் தடுப்பு கிடையாது, முழுசாச் சுத்தும். பாதிச் சுற்று மாறினா?"

கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். "கோடு குறைவைக் காட்டும். தண்டு அதிகத்துல நிக்கும்."

"சனிக்கிழமை அந்த அம்மா தண்டைக் குறைவுலதான் விட்டாங்க. திங்கட்கிழமை நாப்பை மாட்டினப்ப அதனாலதான் கோடு அதிகத்தைக் காட்டுச்சு. பொய் சொன்னது கோடு. அதை நம்பி ஜாக்கிரதையாக் குறைவுக்குத் திருப்பினாங்க. அதாவது, அதிகத்துக்கு."

அந்த அம்மா ஒன்றுமே செய்யாமல் பொத்தானை மட்டும் அழுத்தியிருந்தால் தலையணைகள் பதமாகக் காய்ந்திருக்கும். முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். ஜாக்கிரதையாக இருந்ததற்குக் கிடைத்த கூலி இது.

"வேணும்னே பண்ணியிருக்கான்" என்றேன்.

"இருக்கலாம். யாரு?" அண்ணி கட்டியை மெக்கானிக்கிடம் நீட்டினார். "இந்தக் கம்பி உங்ககிட்ட இருக்கா?"

மெக்கானிக் கரியை நகத்தால் சுரண்டினார். உள்ளே செம்பு மின்னியது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே முடி நுழைய இடமில்லை. "இது எங்கிட்ட ஏது? மோட்டாருக்குள்ள காயில், அதான் கம்பிச் சுருள், கட்டுற கம்பி. கட்டியிருக்கிற நேர்த்தியைப் பாருங்க, ஒரு சுத்து கூட ஏறி விழலை. தினமும் இதே வேலையாச் செய்யற கை."

அந்த வீட்டுக்காரர் மேல் அடித்த வார்னிஷ் வாடையும், அவர் விரல் நுனி வெட்டுகளும் என் மூளைக்கு வந்து சேர இரண்டு நொடி பிடித்தது. அண்ணிக்கு அது பஞ்சக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வந்து சேர்ந்திருக்கும்.

*

மூன்றே முக்காலுக்கு மறுபடி இஸ்திரிக் கூடம். அண்ணி பஞ்சக்காவுக்கு எதிரில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாப்பை ஒட்டினது உங்க வீட்டுக்காரர்தானே?"

பஞ்சக்கா முகம் வெளுத்தது. "அவரை இதுல இழுக்காதீங்க மேடம். மெஷின் சாமானை வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது, வெளி ஆள் டிரையர் ரூமுக்குள்ள வரக்கூடாது. ரெண்டு சட்டமும் எனக்குத் தெரியும். குறடு வழுக்கி வழுக்கி மணிக்கட்டு வீங்கிப்போச்சு. சனிக்கிழமை ராத்திரி அதுக்கு எண்ணெய் தடவிக்கிட்டு இருந்தேன். அவர்தான், நாப்பைக் குடு, நான் ஒட்டித் தரேன்னார். எங்கயாவது ஒட்டிப் பார்க்கலாம்னு அன்னைக்கு டிஃபன் பைக்குள்ள வச்சுக் கொண்டு வந்திருந்தேன். ஆசையாச் செஞ்சு குடுத்தார். அதுவும் கேஸாயிடுமா?"

"தட்டை எந்தப் பக்கம் வரணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான் வரைஞ்சு குடுத்தேனே. துணிச் சீட்டு பின்னாடி."

"இப்ப வரைய முடியுமா?"

அவர் ஒரு சீட்டை எடுத்துத் திருப்பி, வட்டம் போட்டு, மேலே ஒரு கோடு இழுத்து, வலது பக்கம் தட்டையாக வெட்டினார். மெஷினுக்கு எதிரில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே.

அண்ணி சீட்டை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உன் சட்டைப் பை எந்தப் பக்கம் தம்பி?"

"இடது."

"எதிர்ல நிக்கிற எனக்கு வலது. உன்னை இப்படியே வரைஞ்சு, அந்தப் படத்தை உன் முதுகுல ஒட்டினா?"

"பை... இடம் மாறிடும்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. முன்னால் நின்று பார்த்து வரைந்த படம். வேலை நடந்தது குமிழின் பின்பக்கத்தில். வீட்டுக்காரர் படத்தைத் திருப்பாமல் அப்படியே வைத்திருக்கிறார். "அப்போ இது சதியே இல்லை. சுத்தமான தவறு. அண்ணி, கேஸ் முடிஞ்சுது! பாவம், அந்த மனுஷனுக்கே தெரிஞ்சிருக்காது."

அண்ணி மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவரிடம் மூன்றாம் நம்பரின் ஆடும் குமிழைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். என்னைக் கவனிக்காமல் அவர் இப்படி வேலையில் இறங்கினால் எனக்குப் பிடிக்காது. கேஸ் இன்னும் கெட்டுப்போகப் போகிறது என்று அர்த்தம்.

"அவரை என்ன பண்ணப் போறீங்க?" என்று பஞ்சக்கா எழுந்துவிட்டார். "நானும் வரேன்."

"வேண்டாம்."

"வருவேன் மேடம்."

"சரி. வாசல்ல நில்லுங்க. நான் கூப்பிடற வரைக்கும் பேசக் கூடாது."

*

துணி டெலிவரி வண்டியில் போனோம். கடை ஒரு சந்தில் இருந்தது. ஒரே அறை. தரையெல்லாம் பிரித்துப் போட்ட மோட்டார்கள், சுவரில் ஆணி ஆணியாகச் செம்புக் கம்பிச் சுருள்கள். வீட்டுக்காரர் ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் கை நின்றது.

"உங்க கைவேலையைப் பார்த்தேன். பிரமாதம்" என்றார் அண்ணி. "பயப்படாதீங்க. ஒட்டினது ஒண்ணும் குத்தம் இல்லையே."

அவர் மூச்சை விட்டார். "ஆமா மேடம், நான்தான் ஒட்டினேன். அவ கஷ்டப்படறதைப் பார்க்க முடியலை. கெட்டியா இருந்துச்சா இல்லையா? அதுல ஒரு குறை சொல்ல முடியாதே?"

"ஒரு குறையும் இல்லை. அதான் வந்தேன். மூணாம் நம்பர் நாப்பும் ஆடுது. அந்த மெக்கானிக்கை நம்பி இனிமே ஒரு மெஷினை ஓட்ட முடியாது. நீங்களே இதையும் ஒட்டிக் குடுத்தா நல்லது. வரைபடம் இதோ." சீட்டையும் குமிழையும் அவர் முன்னால் வைத்தார்.

இந்த நேரத்தில் இது என்ன வியாபாரம் என்று நான் விழித்தேன். மணி நாலு இருபது. பஞ்சக்கா வாசல் நிலையைப் பிடித்தபடி வெளியே நின்றார். உள்ளே இருந்தவர் அவரைப் பார்க்கவில்லை.

வேலையைப் பார்த்ததும் அந்த மனிதருக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. குமிழை மல்லாத்திப் பிடித்துக்கொண்டார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சீட்டை எடுத்தார். எடுத்தவர், அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, மறுபக்கமாகத் திருப்பினார். பின்னால் தெரிந்த கோட்டின் மேல் பென்சிலால் ஒருமுறை அழுத்தி வரைந்தார். பிறகு அந்தப் பக்கத்தைத்தான் குமிழின் பின்புறத்தோடு சேர்த்து வைத்தார்.

"ஏன் திருப்பினீங்க?" என்றார் அண்ணி. ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"பின்னாடியிருந்து செய்யறோமில்ல மேடம். படத்தை அப்படியே வச்சா இடம் வலம் மாறி..."

சீட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை திருப்பலையே" என்றார் அண்ணி.

பென்சில் உருண்டு கீழே விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

"சனிக்கிழமை பண்ணது தவறு. யாருக்கும் வரும். ஆனா சனிக்கிழமைக்கும் இன்னைக்கும் நடுவுல அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்போ?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். "திங்கட்கிழமை ராத்திரி. குறைவுல வச்சேன், அதிகத்துல நிக்குதுங்கிறாங்கன்னு அவ சொன்னா. உடனே புரிஞ்சுபோச்சு. எந்தப் பக்கம் சுத்தறதுங்கறதுதானே மேடம் என் தொழிலே? இடம் வலம் தெரியாம ஒட்டினேன்னு வெளிய தெரிஞ்சா எவன் என்னை நம்பி மோட்டார் குடுப்பான்? அதுக்கு மேல, அந்த முதலாளிக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

"அதனால?"

"அவளாவே சொன்னா, எங்கம்மா மாதிரி ஆயிட்டேனோன்னு. வியாதின்னா விட்டுடுவாங்க, தண்டனை இருக்காதுன்னு நினைச்சேன். ரெண்டு பேருக்கும் நல்லதுதானேன்னு..."

"அடுப்பு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவ ஒரு நாளும் அடுப்பை மறந்ததில்லை."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆளை நாலு அறை விடவேண்டும் போல இருந்தது. மதியம் அவர் தோளைத் தட்டிக்கொடுத்ததைப் பார்த்து உருகினேனே, அதற்காக என்னையும் ஒரு அறை. அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வாசல் பக்கம் திரும்பினார். கூப்பிடத் தேவையிருக்கவில்லை.

பஞ்சக்கா உள்ளே வந்தார். வீட்டுக்காரர் துள்ளி எழுந்ததில் முக்காலி சாய்ந்தது.

"திங்கட்கிழமை ராத்திரியா?" என்றார் பஞ்சக்கா. சத்தமே போடவில்லை. "செவ்வாய்க்கிழமை விடிய விடிய உட்கார்ந்து, தெரிஞ்சவங்க பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதினேனே. மறந்துபோனா பார்த்துக்கலாம்னு. உங்க பேரை முதல்ல எழுதினேன். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்..."

"முழிச்சுக்கிட்டா?"

அவர் ஆமென்று தலையை மட்டும் அசைத்தார்.

பஞ்சக்கா தன் புடவையில் ஒட்டியிருந்த ஒரு பஞ்சை எடுத்துக் கீழே போட்டார். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மூன்று நாளாகக் கூனிப் போயிருந்த முதுகு நிமிர்ந்திருந்தது. அது சந்தோஷமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அஞ்சு மணிக்குக் கையெழுத்து" என்றார் அண்ணி வீட்டுக்காரரிடம். "நீங்க போடறீங்க. நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுங்க. மூணு சீட்டு எழுதியும் புது நாப் வாங்காதது முதலாளி தப்புன்னு என் ரிப்போர்ட்ல வரும். உங்க தவறு தவறுதான்னும் வரும். மூணு நாள் வாய் மூடி இருந்ததுக்கு என் ரிப்போர்ட்ல இடம் இல்லை."

அவர் மனைவியின் அருகே வந்தார். கையைப் பிடிக்கப் போனவர், பிடிக்கத் துணியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பயத்துல புத்தி கெட்டுப் போச்சும்மா. நான் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். நீ... நீ இதை மட்டும் மறந்துடு."

பஞ்சக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு மறதி இல்லைங்க" என்றார். "இப்பதான் நிரூபிச்சுக் குடுத்தாங்க."

பிறகு வண்டிக்குப் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.